இறுக்கினால் நழுவும் குண்டு

வீட்டில் எவர்சில்வர் சம்படம் இருந்தால் அதன் மூடியைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். மரை கிடையாது, கொக்கி கிடையாது, பசை கிடையாது. ஆனாலும் முறுக்கு நிரம்பிய சம்படத்தைத் தலைகீழாகப் பிடித்தால் மூடி விழாது. நாள்பட நாள்பட அது லொடலொடவென்று ஆகும். அப்போது யாராவது மூடியின் விளிம்பை விரலால் லேசாக உள்பக்கம் அழுத்திவிடுவார்கள். மறுபடி சிக்கென்று பிடித்துக்கொள்ளும். சரி, இன்னும் கெட்டியாகப் பிடிக்கட்டும் என்று இடுக்கியை எடுத்து நெருக்கினால் வந்தது வினை. விளிம்பு நெளிந்து, முன்பு இருந்ததைவிட மோசமாகத் தளர்ந்துவிடும். கொஞ்சம் இறுக்கினால் பிடிக்கிற பொருள் நிறைய இறுக்கினால் ஏன் விட்டுவிடுகிறது?

சமையலறையில் இது வெறும் எரிச்சல். கைத்துப்பாக்கித் தோட்டாவில் இதே கேள்வி ஆளின் விரலையோ கண்ணையோ பதம் பார்க்கக்கூடியது. தோட்டாவின் பித்தளைக் கூட்டில் ஈயக் குண்டு உட்கார்ந்திருப்பதும் மரை இல்லாமல்தான், பெரும்பாலும் பசை இல்லாமலும்தான்.

ஒரு தோட்டாவில் நான்கு உறுப்புகள். மற்ற மூன்றையும் தாங்கும் பித்தளைக் கூடு. அதன் அடியில், துப்பாக்கியின் ஊசி தட்டியதும் தீப்பொறி தரும் பிரைமர். உள்ளே எரிமருந்து. வாயில் செருகிய குண்டு; அது வெறும் ஈயமாக இருக்கலாம், செம்புத் தோல் போர்த்திய ஈயமாகவும் இருக்கலாம். சுட்டதும் பறந்துபோவது குண்டு மட்டுமே. கூடு நம்மிடமே தங்கிவிடும். விலையும் உழைப்பும் அதிகம் பிடிப்பது அந்தக் கூட்டுக்குத்தான். ஆகவே அதை வீசி எறியாமல் மறுபடி நிரப்பிப் பயன்படுத்துவது அமெரிக்காவிலும் ஐரோப்பாவின் சில நாடுகளிலும் பந்தயக்காரர்களிடையே பழைய பழக்கம். ரீலோடிங், தமிழில் மறுநிரப்பல்.

இந்தியாவில் அது அப்படியொரு பொழுதுபோக்கு அல்ல. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி உரிமம் இல்லாமல் யாரும் தோட்டா தயாரிக்க முடியாது. பெங்களூரில் துப்பாக்கி சுடும் பந்தயத்துக்குப் பழகும் பிள்ளைகள் ஆலையில் செய்த தோட்டாவைத்தான் கையில் எடுக்கிறார்கள். அவர்களில் பலர் சுடுவது .22 என்ற சின்னத் தோட்டா என்பதால் மறுநிரப்பல் என்ற பேச்சே எழாது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் பெங்களூரின் பிரகாஷ் நஞ்சப்பா கலந்துகொண்ட 50 மீட்டர் பிஸ்டல் போட்டி .22 போட்டிதான். அந்தத் தோட்டாவில் பற்றவைக்கும் மருந்து கூட்டின் அடி விளிம்புக்குள்ளேயே பூசப்பட்டிருக்கும். ஊசி அந்த விளிம்பை நசுக்கிவிடும். நசுங்கிய விளிம்புக்கு இரண்டாவது ஆயுள் கிடையாது.

இதற்கு ஒரு படி மேலே இருப்பது 25 மீட்டர் சென்டர்ஃபயர் போட்டி. பிரைமர் கூட்டின் அடியில், நட்ட நடுவில் இருக்கும். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் ஜஸ்பால் ராணா 600க்கு 590 எடுத்து உலக சாதனையைச் சமன் செய்தது இந்தப் போட்டியில். அறுபது குண்டுகள், முதல் முப்பது நிதானமாக, அடுத்த முப்பது மூன்று மூன்று வினாடிக்குள். நிதானச் சுற்றின் இலக்கு அட்டையில் பத்து புள்ளி வட்டத்தின் விட்டம் 50 மில்லிமீட்டர். இருபத்தைந்து மீட்டர் தூரத்தில் அதற்குள் குண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழ வேண்டுமானால், ஒவ்வொரு குண்டும் கூட்டின் வாயை விட்டுக் கிளம்புவது ஒரே மாதிரி இருக்க வேண்டும். அந்த வாயை எவ்வளவு இறுக்குவது என்பதுதான் கிரிம்ப் என்கிற நுட்பம். ஆலையில் இயந்திரம் செய்தாலும், அமெரிக்காவில் ஒருவர் தன் வீட்டு மேசையில் செய்தாலும் இயற்பியல் ஒன்றே.

குண்டைப் பிடித்திருப்பவை இரண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒன்று கழுத்துப்பிடி, இன்னொன்று வாய்மடிப்பு. கிரிம்ப் என்றால் வாய்மடிப்பு மட்டும்தான்.

சுடும்போது உள்ளே உருவாகும் அழுத்தத்தில் பித்தளைக் கூடு ஊதிப் பெருத்து, துப்பாக்கி அறையின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அழுத்தம் இறங்கியதும் சற்றுச் சுருங்கும். அதனால்தான் வெளியே உருவ முடிகிறது. ஆனால் பழைய அளவுக்கு முழுவதும் திரும்பாது. மறுநிரப்பலில் முதல் வேலை, பெருத்த கூட்டை ஒரு எஃகு அச்சுக்குள் திணித்து மறுபடி ஒல்லியாக்குவது. குண்டின் விட்டத்தைவிடக் கூட்டின் உள்விட்டம் 0.05 முதல் 0.1 மில்லிமீட்டர் வரை குறைவாக இருக்கும்படி சுருக்குவார்கள். அப்புறம் குண்டு உரசாமல் நுழைவதற்காக வாயை மட்டும் ஒரு சுற்று மணிபோல விரிப்பார்கள். மருந்து போட்டு, குண்டைச் செருகும்போது அது கூட்டின் கழுத்தை உள்ளிருந்து தள்ளிக்கொண்டே இறங்கும். தள்ளப்பட்ட பித்தளை பழைய இடத்துக்குத் திரும்பப் பார்க்கும், முடியாது. குண்டு வழியில் நிற்கிறது. திரும்பத் துடிக்கும் அந்த இழுவிசைதான் கழுத்துப்பிடி. சம்பட மூடி பிடிப்பதும் இப்படித்தான்: சற்றே விரிக்கப்பட்ட தகடு, சுருங்க இடமில்லாமல், உள்ளே இருப்பதை அணைத்துக்கொண்டிருக்கிறது.

கடைசி வேலை கிரிம்ப். மணிபோல விரித்த வாயைத் திரும்ப உள்ளே கொண்டுவருவது. கூர்ந்து குறுகும் அச்சில் விட்டு, வாய் நேராகும் வரை மட்டும் ஒடுக்கினால் அது சரிவுக் கிரிம்ப். வாயின் நுனியைச் சுருட்டி, குண்டின் இடுப்பில் வெட்டிய பள்ளத்துக்குள் கடிக்க வைத்தால் சுருள் கிரிம்ப். எதை, எப்போது செய்யலாம்?

ரிவால்வரில் ஆறு தோட்டாக்கள் சுழலும் உருளையில் இருக்கும். முதல் தோட்டா வெடித்ததும் துப்பாக்கி மொத்தமும் பின்னால் உதைக்கும். மிச்சமிருக்கும் ஐந்து கூடுகளுக்கும் அடியில் தடித்த விளிம்பு உண்டு; உருளை அந்த விளிம்பைப் பிடித்துக்கொண்டு கூடுகளையும் சேர்த்துப் பின்னால் இழுத்துப்போகும். குண்டுகளுக்கு அந்த அவசரம் இல்லை. ஓய்வில் இருக்கும் பொருள் ஓய்விலேயே இருக்கப் பார்க்கும் என்று நியூட்டன் சொன்னபடி அவை இருந்த இடத்திலேயே நிற்கும். கூட்டுக்குள் இருந்து பார்த்தால் குண்டு முன்னால் நகர்ந்ததுபோலத் தோன்றும். ஒவ்வொரு சூட்டுக்கும் இப்படி மயிரிழை மயிரிழையாக நகர்ந்து, ஒரு குண்டின் மூக்கு உருளையின் முகப்பைத் தாண்டி வெளியே நீட்டிவிட்டால் உருளை சுழலாது. துப்பாக்கி பூட்டிக்கொள்ளும்.

துப்பாக்கி எவ்வளவு லேசானதோ அவ்வளவு வேகமாக உதைக்கும். கான்பூர் ஆயுதத் தொழிற்சாலை 2014 தொடக்கத்தில் வெளியிட்ட ‘நிர்பீக்’ ரிவால்வர் டைட்டானியம் கலவையால் ஆனது, எடை சுமார் அரைக் கிலோ. நல்லவேளையாக அதில் போடுவது .32 என்ற சாதுவான தோட்டா. அங்கே இது பெரிய தலைவலி இல்லை. அதே எடையில் .357 மேக்னம் போன்ற முரட்டுத் தோட்டா என்றால் கழுத்துப்பிடி மட்டும் போதாது. சுருள் கிரிம்பின் பல் குண்டின் பள்ளத்தில் பதிந்தே ஆக வேண்டும்.

பிஸ்டலில் கதை நேர் எதிர். மேகசினிலிருந்து தோட்டா கிளம்பி, ஒரு சரிவில் மூக்கை இடித்துக்கொண்டு அறைக்குள் ஏறுகிறது. இங்கே குண்டுக்கு ஆபத்து வெளியே வருவது அல்ல, உள்ளே அமுங்குவது. குண்டு அமுங்கினால் மருந்துக்கு இருக்கும் இடம் குறையும். மருந்து எரிவதன் வேகம் அழுத்தத்தைப் பொறுத்தது. அழுத்தம் ஏற ஏற வேகமும் ஏறும், அந்த வேகம் அழுத்தத்தை இன்னும் ஏற்றும். ஆகையால் இடம் கொஞ்சம் குறைந்தாலும் அழுத்தம் எக்கச்சக்கமாகப் போய்விடும். அமெரிக்காவின் ஸ்பியர் நிறுவனம் 9 மி.மீ. தோட்டாவில் வேண்டுமென்றே குண்டை 0.76 மில்லிமீட்டர் கூடுதலாக உள்ளே இறக்கிச் சோதித்தபோது, உச்ச அழுத்தம் இரண்டு மடங்குக்கு மேல் உயர்ந்தது. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை!

அப்படியானால் பிஸ்டல் தோட்டாவுக்கும் பலமான சுருள் கிரிம்ப் போட்டுவிட்டால் என்ன என்று தோன்றும். போடக் கூடாது, காரணம் கூட்டின் அடியில் இருக்கிறது. ரிவால்வர் தோட்டா அறைக்குள் எவ்வளவு ஆழம் போகலாம் என்பதை அதன் அடி விளிம்பு தடுத்து நிறுத்துகிறது. 9 மி.மீ. தோட்டாவுக்கு அப்படி வெளியே துருத்தும் விளிம்பு இல்லை. அதன் வாய்தான் அறையின் முன்கோடியில் இருக்கும் ஒரு சிறு படியில் முட்டி நிற்கிறது. வாயைச் சுருட்டி உள்ளே மடித்துவிட்டால் முட்டுவதற்கு ஒன்றும் மிஞ்சாது. தோட்டா ஆழமாகப் போய்விடும், ஊசி சரியாக எட்டாது, வெடிக்காமல் போகலாம். சில சமயம் வெடித்தும் விடும், அப்போது மடிந்த வாய் குண்டுக்கும் குழலுக்கும் நடுவில் ஆப்பாகச் செருகி அழுத்தத்தைக் கூட்டும். வாயை மடிக்கலாமா என்பதை முடிவு செய்வது வாய் அல்ல, அடி.

எனவே 9 மி.மீ.க்குச் சரிவுக் கிரிம்ப், அதுவும் விரித்த மணியை நேராக்கும் அளவுக்குத்தான். கணக்கைப் பாருங்கள்: குண்டின் விட்டம் சுமார் 9.02 மில்லிமீட்டர். வாயருகே பித்தளைச் சுவர் ஒரு பக்கம் 0.27 என்று வைத்தால், இரண்டு பக்கமும் சேர்த்து 9.56. இந்தத் தோட்டாவின் வாய்க்கு அமெரிக்கத் தர அளவு அனுமதிக்கும் உச்சம் 9.65. மொத்த விளையாட்டுமே ஒரு தலைமுடியின் தடிமனை ஒட்டியது.

சரி, அளவுக்கு மேல் ஒடுக்கினால் பிடி ஏன் குறைகிறது? பலரும் தலைகீழாகப் புரிந்துவைத்திருப்பது இதைத்தான்.

உலோகத்தை நெருக்கினால் ஓர் எல்லை வரை அது விட்டதும் பழைய இடத்துக்கே வந்துவிடும். இது மீள்தன்மை. எல்லையைத் தாண்டி நெருக்கினால் புதிய வடிவத்தில் நிலைத்துவிடும். ஆனால் அப்போதும் முழுக்க அல்ல, கையை எடுத்ததும் கொஞ்சம் பின்வாங்கிவிட்டுத்தான் நிலைக்கும். இந்தப் பின்வாங்கலை மீள்வு என்று வைத்துக்கொள்வோம். தகரத்தை வளைத்து வேலை செய்யும் யாரையும் கேளுங்கள். தொண்ணூறு டிகிரி வேண்டுமென்றால் தொண்ணூற்றிரண்டு வரை வளைப்பேன் என்பார்.

எந்த உலோகம் எவ்வளவு மீளும்? இரண்டு குணங்களை வைத்துச் சொல்லிவிடலாம். வளைந்தே நிலைத்துப்போகும் எல்லை வரை அது தாங்கும் வலு ஒன்று. வளைய மறுக்கும் விறைப்பு இன்னொன்று. வலு அதிகமானால் மீள்வு அதிகம், விறைப்பு அதிகமானால் மீள்வு குறைவு. ஈயத்தைவிடப் பித்தளை சுமார் ஏழு மடங்கு விறைப்பு. ஆனால் அச்சில் அடிபட்டு இறுகிய பித்தளையின் வலு மென்மையான ஈயத்தைப்போலத் தோராயமாக முப்பது மடங்கு. ஆகவே, இரண்டையும் ஒரே அளவு நெருக்கிவிட்டால் பித்தளை நான்கு மடங்கு அதிகமாகப் பின்வாங்கும்.

இப்போது அச்சுக்குள் நடப்பதை யோசித்துப் பாருங்கள். எஃகு அச்சு பித்தளையை உள்ளே தள்ளுகிறது, பித்தளை ஈயத்தை உள்ளே தள்ளுகிறது. அச்சு வெளியேறியதும் இரண்டும் பின்வாங்க வேண்டும். ஈயம் போட்டது போட்டபடி கிடக்கிறது. பித்தளை துள்ளி விலகுகிறது. நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி. குண்டுக்கு இடுப்பு சிறுத்துவிட்டது, அணைத்திருந்த கூடு ஒதுங்கிவிட்டது. வாயை இறுக்கப்போய்க் கழுத்துப்பிடியைத் தொலைத்துவிட்டோம். செம்புத் தோல் போர்த்திய குண்டிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். தோல் சிறிது மீண்டாலும் உள்ளே இருக்கும் ஈயம் மீளாது.

சுருள் கிரிம்பை அதிகமாக்கினால் இன்னொரு கோளாறும் சேரும். கீழ்நோக்கி அழுத்தும் அச்சுக்கு வழிவிட முடியாமல் கூட்டின் சுவர் வாய்க்குச் சற்றுக் கீழே வெளியே பிதுங்கும். அந்தப் பிதுக்கம் குண்டைத் தொடாது; ஆனால் அறையின் சுவரைத் தொட்டுத் தோட்டாவை நடுவழியில் சிக்க வைக்கும்.

இதெல்லாம் ஏட்டுக் கணக்கா, நிஜமாகவே நடக்கிறதா? கண்டுபிடிக்க வழிகள் உண்டு, அவற்றில் சில மிக எளியவை.

உள்ளே சிறுத்துப்போன குண்டைப் பார்க்க வேண்டுமானால் தோட்டாவைப் பிரிக்க வேண்டும். அதற்கென்று பிளாஸ்டிக்கில் ஒரு சுத்தியல் இருக்கிறது. அதன் பொள்ளலான தலைக்குள் தோட்டாவின் அடி விளிம்பை மாட்டி, தரையில் ஓங்கி அடித்தால், கூடு சட்டென்று நின்றுவிடும், குண்டு நிற்காமல் கழன்று விழும். ரிவால்வரில் குண்டை நழுவவிடும் அதே நிலைமம்தான் இங்கே கருவியாக மாறியிருக்கிறது. வெளியே வந்த குண்டைக் காலிப்பர் என்ற அளவுகருவியில் வைத்து, செருகுவதற்கு முன் இருந்த விட்டத்தோடு ஒப்பிடலாம். வாய் இருந்த இடத்தில் லேசான வளையத் தடம் மட்டும் தெரிந்தால் சரி. நகத்தால் நெருடும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால், விட்டமே நூறில் சில பங்கு மில்லிமீட்டர் குறைந்திருந்தால், அச்சு அளவு மீறிவிட்டது.

பிஸ்டல் தோட்டாவுக்கு, மொத்த நீளத்தை அளந்துவிட்டுக் குண்டின் மூக்கை மேசை விளிம்பில் பெருவிரல் பலத்தோடு அமுக்குவார்கள். மறுபடி அளந்தால் நீளம் மாறியிருக்கக் கூடாது. ரிவால்வருக்கான சோதனை எனக்கு இன்னும் பிடித்தது: ஆறாவது தோட்டாவின் நீளத்தைக் குறித்துவிட்டு, மற்ற ஐந்தையும் சுட்டுவிட்டு, சுடாத அந்த ஆறாவதை வெளியே எடுத்து அளப்பது. ஐந்து உதையையும் வாங்கிக்கொண்டு சாட்சி சொல்ல வருகிறது அது. ஆயுத ஆலைகளில் இதையே இன்னும் துல்லியமாக, இழுவை இயந்திரத்தில் குண்டையும் கூட்டையும் தனித்தனியே கவ்வி, பிடி விடும் கணத்தில் விசை எவ்வளவு என்று படிப்பார்கள். கிரிம்பைக் கூட்டிக்கொண்டே போய் அந்த விசையை வரைந்தால், கோடு முதலில் ஏறும், ஓர் உச்சியைத் தொடும், பிறகு இறங்கும்.

கழுத்துப்பிடி என்கிற இழுவிசை கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அது அங்கே இருக்கிறது என்பதை உலகத்துக்கு அம்பலமாகக் காட்டியது இந்தியாவின் மழைக்காலம்.

பெங்களூரில் தமிழர்கள் நிறைந்த அல்சூர், சிவாஜிநகர் பக்கம் நடந்தால் இன்ஃபன்ட்ரி ரோடு இன்றும் இருக்கிறது. காமராஜ் ரோட்டின் பழைய பெயர் கேவல்ரி ரோடு. 1809இல் வந்த பிரிட்டிஷ் கண்டோன்மென்ட்டின் மிச்சங்கள் இவை. காலாட்படைக்கு ஒரு சாலை, குதிரைப்படைக்கு ஒரு சாலை. 1896இல் இளம் அதிகாரியாக வின்ஸ்டன் சர்ச்சில் இங்கே வந்து இறங்கியதும் ஒரு குதிரைப்படையோடுதான். இப்படிப்பட்ட பாளையங்கள் நாடெங்கும் இருந்தன. லாயம் இல்லாத பாளையம் ஏது?

மழைக்காலத்தில் படை நடமாட்டம் குறையும். தோட்டாப் பெட்டிகளை ஈரம் படாமல் லாயங்களில் அடுக்கிவைப்பார்கள். வானம் தெளிந்ததும் பிரித்துப் பார்த்தால், யாரும் தொடாத தோட்டாக்களின் பித்தளைக் கூடுகளில் விரிசல். குறிப்பாகக் கூடு குண்டைக் கவ்வியிருந்த இடத்தில். பருவத்தோடு வந்து போனதால் ஆங்கிலத்திலும் அதற்குப் பருவ விரிசல் என்றே பெயர் விழுந்தது. மழை ஈரம்தான் காரணம் என்று சொல்வது எளிது. ஆனால் பித்தளைக் குடத்தில் தண்ணீர் ஊற்றிவைத்த எந்தப் பாட்டியும் குடம் விரிசல் விட்டதாகச் சொன்னதில்லையே.

புதிர் அவிழ 1921 ஆயிற்று. மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூவர் காரணத்தை விளக்கினார்கள்: குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா ஒரு பக்கம், பித்தளைக்குள் ஏற்கெனவே பூட்டிக்கிடந்த இழுவிசை மறுபக்கம். அம்மோனியா செம்பைக் கரைக்கும். ஈரம் அதற்குக் கை கொடுக்கும். இழுபட்டு நிற்கும் உலோகத்தில் அது ஒரு நூலிழைக் கீறலை உண்டாக்கினால் போதும், இழுவிசை கீறலின் நுனியைத் திறந்து வைக்கும், அம்மோனியா இன்னும் உள்ளே போகும். இழுவிசை இல்லாத பித்தளையை அதே லாயத்தில் வைத்தால் மேலே நிறம் மாறும், அவ்வளவுதான். கூட்டைச் செய்தபோது பூட்டிக்கொண்ட இறுக்கமும் குண்டைப் பிடித்திருந்த பிடியும் சேர்ந்துதான் கூட்டைக் கிழித்தன.

காரணம் தெரிந்ததும் தீர்வும் தெளிவானது. குதிரையை ஒழிக்க வேண்டாம். கூட்டின் கழுத்தை மிதமாகச் சூடாக்கினால், வார்த்து இழுத்து அடித்த காலத்தில் உள்ளே பூட்டிக்கொண்ட இறுக்கம் தளர்ந்துவிடும். ராணுவத் தோட்டாக்கள் சிலவற்றின் கழுத்தில் தெரியும் நீலமும் பழுப்புமான வளையம் இந்தச் சூட்டின் தடம்தான். இறுக்கம் தளர்ந்துவிட்டதா என்று பார்க்க நெடுங்காலம் பயன்பட்ட சோதனை ஒன்று உண்டு: கூட்டை மெர்குரஸ் நைட்ரேட் என்ற பாதரச உப்பின் கரைசலில் முக்கி வைப்பார்கள். உள்ளே இழுவிசை மிச்சமிருந்தால் அரைமணி நேரத்துக்குள் அது தானாகவே விரிசல் விட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். பாதரசம் நஞ்சு என்பதால் அம்மோனியா ஆவியிலேயே வைத்துப் பார்க்கும் முறையும் பின்னால் வந்தது. லாயத்தையே ஆய்வுக்கூடத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்கள் என்று சொல்லலாம்.

மறுநிரப்பலில் ஈடுபடுகிறவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஒரே கூட்டை ஒடுக்கி, விரித்து, மடித்து, சுட்டு, மறுபடி ஒடுக்கினால் பித்தளை ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கடினமாகும். கடினமானால் வலு கூடும். வலு கூடினால் மீள்வும் கூடும். புதுக் கூட்டுக்குச் சரியாக இருந்த அச்சின் நிலை, பலமுறை சுட்ட கூட்டுக்குச் சரியாக இருக்காது. கடைசியில் வாயில் நெடுக்காக ஒரு கீறல் விழும். அந்தக் கூடு குப்பைக்கு.

எல்லாக் கிரிம்பும் பித்தளையும் ஈயமும் அல்ல. கர்நாடகத்திலேயே குடகு பக்கம் போனால், ஆயுத உரிமம் பெறுவதிலிருந்து குடவர்களுக்கு விலக்கு இருக்கிறது. கயில்போது பண்டிகையில் துப்பாக்கிக்குப் பூச்சூட்டி வணங்குவார்கள். அவர்கள் வீட்டு இரட்டைக்குழலில் போடும் 12 போர் தோட்டாவின் வாயைப் பார்த்தால் பிளாஸ்டிக்கை நட்சத்திரம்போல மடித்திருக்கும். அங்கே பிடிக்க ஒற்றைக் குண்டு இல்லை, சிதறும் ரவைகள். மடிப்பு அவற்றைக் கொட்டாமல் காக்கிறது. மருந்து நன்றாகப் பற்றும் வரை வழியையும் மறித்து நிற்கிறது.

பெங்களூர் நகரத்துக்குள்ளேயே தினமும் ஏராளமான கிரிம்புகள் விழுகின்றன, தோட்டாவில் அல்ல, மின்கம்பியில். எஸ்.பி. ரோட்டில் கிரிம்பிங் டூல் விற்காத எலெக்ட்ரானிக்ஸ் கடையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். எச்.ஏ.எல். செய்யும் விமானமானாலும், பழைய விமான நிலையச் சாலையில் இஸ்ரோ கோக்கும் செயற்கைக்கோளானாலும், வயரும் இணைப்பியும் சேரும் இடத்தில் இந்த நெருக்கல் உண்டு. அங்கேயும் இழுத்துப் பார்ப்பார்கள். மாதிரியைக் குறுக்கே வெட்டி, மெருகேற்றி, நுண்ணோக்கியில் கம்பி இழைகளுக்கு இடையே சந்து இருக்கிறதா என்று தேடுவார்கள். அங்கேயும் கோடு ஏறி, உச்சி தொட்டு, இறங்கும். ஆனால் இறங்கும் காரணம் வேறு. கம்பியில் அளவு மீறினால் இழைகள் நசுங்கி மெலிந்து அறுபடுகின்றன. தோட்டாவில் கூடு ஒதுங்கிவிடுகிறது. ஒரே வடிவக் கோடு வந்துவிட்டது என்பதற்காக உள்ளே நடப்பதும் ஒன்றே என்று எண்ணிவிடக் கூடாது.

கம்பிக்காரர்களுக்கு ஒரு வசதி: நல்ல கிரிம்பிங் டூலில் ராட்செட் இருக்கும். முழுதும் மூடாமல் அது திறக்காது, முழுதும் மூடியபின் மேலே நெருக்காது. தொழிலாளியின் கைபலம் கணக்கிலேயே வராது. தோட்டா அச்சில் அப்படி இல்லை. அச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி இறக்கி, ஒவ்வொரு முறையும் வாயை அளந்து, எங்கே நிறுத்துவது என்று பார்க்க வேண்டும்.

ஜஸ்பால் ராணா சுட்டதைப்போன்ற சென்டர்ஃபயர் போட்டிக்கு இன்று பலரும் போடுவது .32 எஸ் அண்ட் டபிள்யூ லாங் என்ற தோட்டா. சர்ச்சில் பெங்களூர் வந்த அதே 1896இல் ஒரு ரிவால்வருக்காகப் பிறந்தது, இன்று பார்டினி, வால்தர் போன்ற பந்தய பிஸ்டல்களில் ஓடுகிறது. அதன் குண்டு ஒரு தட்டையான ஈய உருளை. அட்டையில் கத்தரித்ததுபோல வட்ட ஓட்டை போடும். குண்டின் முகம் கூட்டின் வாய்க்குச் சமமாக இருக்கும்படி முழுதும் உள்ளே இறக்கிவிடுவார்கள். ரிவால்வர் வம்சம் என்பதால் அடி விளிம்பு இருக்கிறது. ஆகவே வாயை மடிக்கத் தடையில்லை. உதையோ மிக மென்மை, அதனால் குண்டு நழுவும் பயமும் பெரிதாக இல்லை. இங்கே கிரிம்பின் முக்கிய வேலை, மேகசினிலிருந்து ஏறும்போது கூட்டின் கூரான வாய் எங்கேயும் தட்டாமல் வழுக்கிக்கொண்டு போக வைப்பது. அதற்கு வாய் நுனி உள்நோக்கி ஒரு சாயல் சாய்ந்தால் போதும். அதற்கு மேல் போனால் மென்மையான ஈயத்தின் விளிம்பு சிதையும், வட்டமாக இல்லாத குண்டு குழலில் ஒரே மாதிரி சுழலாது.

சாய்வின் அளவு கூட்டின் நீளத்தையும் பொறுத்தது. நீளமான கூடு அச்சில் கூடுதல் ஆழம் போய் அதிகம் மடியும், குட்டையானது குறைவாக மடியும். சுவரின் தடிமனும் ஆலைக்கு ஆலை மாறும். பின்லாந்தின் லாபுவா கூட்டையும் புனே கட்கி ஆலையின் கே.எஃப். முத்திரை பதித்த கூட்டையும் ஒரே அச்சில், ஒரே நிலையில் விட்டால் ஒரே கிரிம்ப் கிடைக்காது. அதனால்தான் அச்சைத் தொடுவதற்கு முன்பே கூடுகளை அடியில் இருக்கும் முத்திரையைப் பார்த்துப் பிரித்து, ஒரே நீளத்துக்குக் கத்தரித்துக்கொள்கிறார்கள்.